ஆச்சியின் இடியாப்பமும் அரசாங்க வரியும்

வரி என்னும் சொல்லைத் தலைப்பிற் கண்ட மாத்திரத்தில் நம் மாணாக்க நண்பர்களிற் பலர் இப்பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவர் என்பதை நாம் அறியாதவரல்லோம். வணிகவியல் வகுப்பில் அப்பகுதி நடந்தபோது நாமும் பாதித் தூக்கத்திலேதான் இருந்தோம். அங்ஙனம் அரைகுறையாய்க் கேட்ட பாடமே 2025ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நம்மை ஒரு மூதாட்டியாரின் முன் தலைகுனிந்து நிற்க வைத்தது. நடந்ததை ஒளியாது கூறுகின்றோம். வரியைப் பற்றிய விவரங்கள் இடையிடையே தாமே வந்து சேரும்.

திரேஸ்புரம் கடற்கரைக்கு இறங்கும் சந்துகளில் ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத சிறு கடை ஒன்று உண்டு. முன்புறம் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு விசுப்பலகைகள், ஒரு பானைத் தண்ணீர், உள்ளே இரண்டு அடுப்புக்கள், அவ்வளவே. அதனை நடத்துபவர் அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டியார். விடுதியில் இருக்கும் நாம் யாவரும் அவரை ஆச்சி என்றே அழைப்போம். மாலையில் அங்கு இடியாப்பமும் சொதியும் கிடைக்கும். நாட்டுப்படகுகள் மீனோடு கரைசேரும் நாட்களில் சாளைக் குழம்போ ஊளிக் குழம்போ அன்றன்றைய அகப்பாட்டைப் பொறுத்தது. பனிமய மாதா கோயில் திருவிழா நாட்களில் மட்டும் அங்கு உட்கார இடம் அகப்படுவது அரிது. விடுதிச் சாப்பாட்டில் மனம் சலித்தபோதெல்லாம் நாம் போய் நிற்பது அந்தக் கொட்டகையின் கீழேதான். கையிற் பணமில்லாத நாட்களிலும் அவர் இலை போட மறுத்ததில்லை.

அவ்வைப்பசியில் ஒரு நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. தெருவில் நீர் முழங்காலளவு தேங்கிற்று. வெளியிற் செல்ல வழியில்லை, பசியோ பொறுக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்க்க, உணவைக் கொண்டுவந்து தரும் கம்பெனி ஒன்றின் செயலியில் ஆச்சியின் கடையும் இருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய பேரன் சேர்த்துவைத்தானாம். உடனே சொல்லிவிட்டோம். முக்கால் மணியில் நனைந்த சட்டையோடு ஓர் இளைஞர் வந்து பொட்டலத்தைத் தந்து சென்றார். உண்டு முடித்த பின்னரே கணக்கைப் பார்த்தோம். உணவு 200 ரூபாய். கட்டித் தந்ததற்கு 10 ரூபாய். இவையிரண்டின் மேலும் வரி 10 ரூபாய் 50 காசு. கொண்டுவந்த கூலி 40 ரூபாய். அதன் மேல் வரி 7 ரூபாய் 20 காசு. ஆக 267 ரூபாய் 70 காசு. அதே உணவு ஆச்சியின் விசுப்பலகையில் அமர்ந்து உண்டால் 150 ரூபாய்தான் ஆகும்.

விலை ஏறியது நமக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பத்தரை ரூபாயே கண்ணை உறுத்திற்று. வகுப்பில் விழிப்போடிருந்த சிறுபொழுதிற் கேட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத உணவுக்கடை ஜி.எஸ்.டி. என்னும் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி வாங்கவும் கூடாது. ஆச்சிக்கோ பதிவும் இல்லை, எண்ணும் இல்லை. ஆயின் அவர் வாங்கிய வரி எங்கே போயிற்று?

மறுநாள் மாலை மழை விட்டது. கடைக்குச் சென்றோம். கடலிலிருந்து திரும்பிய நாலைந்து பேர் உண்டுகொண்டிருந்தனர். நாம் உட்காரவும் இல்லை. "ஆச்சி, சர்க்காரில் பதியாத கடைக்கு வரி வாங்க உரிமை ஏது? நேற்று எங்களிடம் வாங்கிய பத்தரை ரூபாய் யாருக்குப் போயிற்று?" என்று, கற்றவர் என்ற மிடுக்கோடு, நாலுபேர் கேட்கக் கேட்டுவிட்டோம். உண்டுகொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தனர். ஒருவர் பாதி இலையோடு எழுந்துவிட்டார். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. கல்லாவாக வைத்திருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். சில்லறைக்குத் தேடினார், அகப்படவில்லை. பின்னும் ஒரு ரூபாய் சேர்த்துப் பலகையின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தப் பதினொரு ரூபாயை நாம் எடுத்துக்கொண்டு வந்தோம் என்பதையும் மறையாது எழுதுகின்றோம்.

விடுதிக்குத் திரும்பிய பின் நண்பர்களிடம் இதை ஒரு வெற்றியாகவே கூறினோம். அவர்களுள் ஒருவர், எதற்கும் பேராசிரியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம் என்றார். நமக்கு வரிப்பாடம் நடத்தியவர் கணக்கை வாங்கிப் பார்த்தார். "வரி வாங்கியது யார் என்று அடியில் எழுதியிருக்கிறதே, படித்தாயா?" என்று கேட்டார். சிறிய எழுத்தில், சட்டத்தின் 9ஆம் பிரிவு 5ஆம் உட்பிரிவின்படி வரியைச் செலுத்துவது கம்பெனியே என்று அச்சிட்டிருந்தது. நாம் படிக்கவில்லை.

அவர் விளக்கியது இது. 2021 செப்டம்பர் 17இல் லக்னோவிற் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் ஒரு முடிவு செய்தது. அதன்படி 2022 ஜனவரி 1ஆம் நாள் முதல், செயலி வழியாய்ப் போகும் உணவகச் சேவைக்கு நூற்றுக்கு 5 வீதம் வரி செலுத்தும் பொறுப்பு உணவகத்தாரை விட்டுச் செயலிக் கம்பெனியின் தலைமேல் ஏறிற்று. வாடிக்கையாளரிடம் வரியை வாங்கும் உணவகங்களிற் சில அதனை அரசாங்கத்துக்குக் கட்டாமல் விடுகின்றன என்ற ஐயமே இம்மாற்றத்துக்குக் காரணம். நோக்கம் நல்லதே. ஆயினும் அவ்விதி பதிவு பெற்ற கடை, பெறாத கடை என்று வேறுபாடு பார்ப்பதில்லை. விற்பனை 20 லட்சத்துக்குட்பட்ட கடையாயினும் அதன் உணவு செயலியின் வாயில் வழியாய்ப் போனால் வரி உண்டு. ஆச்சியின் இடியாப்பத்தைக் கொட்டகையின் கீழிருந்து உண்டால் வரியில்லை. நாமே பொட்டலமாய் வாங்கி வந்தாலும் இல்லை. செயலியிற் சொல்லி வரவழைத்தால் 5 விழுக்காடு. அப்பணம் ஆச்சியின் கைக்கு ஒரு கணமும் வருவதில்லை. கூலிக்கும் இத்தகைய ஏற்பாடே உண்டு. கொண்டுவருபவர் பதிவு பெறாதவராயின், 2025 செப்டம்பர் 22 முதல், அக்கூலியின் மேல் 18 விழுக்காட்டைக் கம்பெனியே கட்டவேண்டும்.

நாம் வாய் திறவாமல் நின்றோம். அதுவரை யாருடைய தகரப்பெட்டியிலிருந்து பதினொரு ரூபாயை எடுத்துவந்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நிற்க. உண்ணும் உணவு விற்பனையா, விருந்தா, சேவையா என்னும் வழக்கு நெடியது, கேட்கவும் சுவையானது. சென்னை மாகாணத்தில் இராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் சரக்குகள் அனைத்துக்கும் பொதுவாய் விற்பனை வரி விதித்த முதற்சட்டம் அதுவே. 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கினாற் குறைந்த வருமானத்தை ஈடுசெய்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. கள்ளுக்கடையை மூடிய செலவிற் காப்பிக்கடையும் ஒரு பங்கு ஏற்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அன்றும் சிறியோருக்கு விலக்கு இருந்தது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்தவர் வரி கட்ட வேண்டியதில்லை.

பின்பு 1978இல் உச்ச நீதிமன்றம், டில்லி உணவகம் ஒன்றின் வழக்கில், உணவகத்தில் அமர்ந்து உண்பது விற்பனையே அன்று எனத் தீர்த்தது. அதற்குக் கூறிய காரணங்களில் ஒன்று மிக நயமானது. உண்பவன் தன் பசிக்கு உண்ணலாமேயன்றி, மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போக அவனுக்கு உரிமையில்லை. உரிமை மாறாத இடத்தில் விற்பனை ஏது? உண்டி கொடுப்பது விருந்தோம்பலைப் போன்றதொரு பணி என்றாயிற்று. மாகாண அரசாங்கங்களின் பெட்டி இளைக்கத் தொடங்கவே, பாராளுமன்றம் 1982இல் அரசியல் சட்டத்தை 46ஆம் முறையாகத் திருத்தி, உணவு பரிமாறுதலையும் விற்பனையாகக் கொள்ளலாம் என்று எழுதிச் சேர்த்தது. நம் தமிழ்நாட்டு உணவகத்தாரும் சும்மா இருக்கவில்லை. தாமோதரசாமி நாயுடு சகோதரர்கள் தமிழ்நாட்டு அரசின் மேல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியற் சாசன அமர்வு வரை சென்றது. பரிமாறும் பணிக்குரிய பங்கைக் கழித்துவிட்டு உணவின் விலைக்கு மட்டும் வரி கேட்கவேண்டும் என்னும் வாதம் 1999இல் தோற்றது. இலையில் விழுந்ததற்கும் இலை போட்டதற்கும் சேர்த்து முழுத்தொகைக்கும் வரி உண்டு என்றனர். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. பிறந்தபோது அதே சாப்பாடு தலைகீழாய்ப் புரண்டு, முழுவதும் சேவை என்னும் பெயரைப் பெற்றது. முதலிற் சாதாரண உணவகத்துக்கு 12, குளிர்சாதன உணவகத்துக்கு 18 என்றிருந்தது. ஜனங்கள் முணுமுணுக்கவே, அவ்வாண்டு நவம்பர் 15 முதல், பெரிய தங்கும் விடுதிகளின் உணவகங்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு 5 என்றாக்கினர். அதற்கு ஈடாக, உணவகத்தார் தாம் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை போயிற்று. ஓர் இட்டலி எண்பது ஆண்டுகளில் எடுத்த பிறவிகள் இவை.

நம் கடற்கரைக்கு இத்தகைய பங்கு கேட்டல் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஈழத்துக்கும் இக்கரைக்கும் இடைப்பட்ட கடலில் முத்துக் குளித்தோர் அரசனுக்குப் பத்தில் ஒன்று கொடுத்தனர் என்றும், கொடிய மீன்களை மந்திரத்தாற் கட்டி வைத்தவர்களுக்கு இருபதில் ஒன்று கொடுத்தனர் என்றும் எழுதி வைத்திருக்கின்றான். இருபதில் ஒன்று என்பது நூற்றுக்கு 5. சுறாமீனைக் கட்டிய மந்திரவாதி கேட்ட வீதமும் சாப்பாட்டுக்கு இன்று நாம் கட்டும் வீதமும் ஒன்றாயிருப்பது தற்செயலே; ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை. ஆங்கிலேயர் நாளில் சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு எஞ்சிய ஒன்று. 1961க்குப் பின் அம்முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று. அன்று பங்கைப் பிரித்ததாவது கரைமேல் எல்லார் கண்ணுக்கும் முன்னே நடந்தது. மூன்று குவியல், எது யாருடையது என்பது சிறுவனுக்கும் தெரியும். ஆச்சியின் கணக்கில் பங்கைப் பிரிப்பவர் யார், எங்கே பிரிக்கின்றார் என்பது கல்லூரியிற் படித்த நமக்கே தெரியவில்லை.

அந்த 150 ரூபாய் 200 ஆன வகையும் அவ்வாறே. கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொண்டுதான் ஆச்சிக்குப் பணம் அனுப்புகின்றது. அக்கமிஷனின் மேல் 18 விழுக்காடு வரி உண்டு. அதனைத் தருபவர் ஆச்சி. பதிவு பெற்ற வணிகர் பலர் இப்படிக் கட்டியதைத் தம் வரியிற் கழித்துக்கொள்வர், அவருக்கு அவ்வழியில்லை. இந்த நட்டத்தைத் தாங்கமாட்டாமற் பேரன் விலையைக் கூட்டிவைத்தான். கூட்டிய விலையின் மேல் மறுபடியும் நாம் 5 விழுக்காடு கட்டுகின்றோம். வேப்பலோடையிலும் முத்தையாபுரத்திலும் விளையும் உப்புக்கு வரியில்லை; கரையில் ஏலம் போகும் பச்சை மீனுக்கு இல்லை; தேங்காய்க்கு இல்லை; சில்லறையாய் அளந்து வாங்கும் அரிசிக்கும் இல்லை. ஆயினும் கடை அடுப்பெரிக்கும் எரிவாயு உருளைக்கு 18, எண்ணெய்க்கு 5 என்று ஆச்சி கடைத்தெருவிலேயே கட்டிவிடுகின்றார். வரி கட்டாதவள் என்று நாம் நாலுபேர் முன்னிலையில் நினைத்த அம்மூதாட்டியார், வரிகளைக் கட்டிவிட்டு ரசீது இல்லாமல் இருக்கின்றவர் என்பதே உண்மை.

பேராசிரியரிடம் மேலும் சில கேட்டறிந்தோம். மாணாக்கருக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகின்றோம். விடுதிச் சமையலைக் கல்லூரியே நடத்தித் தன் மாணாக்கருக்கும் ஆசிரியருக்கும் உணவிட்டால் அதற்கு வரி விலக்கு உண்டு. வெளியார் ஒருவர் ஒப்பந்தம் எடுத்துக் கல்லூரியில் உணவிட்டால் 5 விழுக்காடு உண்டு. பள்ளிக்கூடங்களுக்குள்ள விலக்கு இவ்விஷயத்திற் கல்லூரிக்கு இல்லை. ஆதலால் நடத்துவது யார் என்பது கறியின் ருசியை மட்டுமன்றிக் கணக்கையும் மாற்றும். மற்றொன்று: ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குட்பட்ட உணவகத்தார் இணக்க வரித் திட்டத்திற் சேர்ந்து தம் விற்பனையில் 5 விழுக்காட்டைத் தம் கையிலிருந்தே கட்டலாம். அத்தகையோர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கலாகாது. அதனை ரசீதின் தலையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். நாம் இதனை அறிந்த மறுவாரமே, ஓர் உணவகத்தின் ரசீதில் தலையில் அவ்வாசகமும் காலில் வரியும் சேர்ந்திருக்கக் கண்டோம். இம்முறை குரலை உயர்த்தவில்லை. கல்லாவில் இருந்தவரிடம் தனியே காட்டினோம். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, கணிப்பொறியைக் குறைகூறி, பணத்தைத் திருப்பித் தந்தார்.

நம் ஊர்ப் பலகாரங்களுக்கும் தனி ஜாதகம் உண்டு. பேக்கரியிற் பெட்டியில் அடைத்து வாங்குவது உணவகச் சேவையன்று, சரக்கு. ரொட்டிக்கு வரியில்லாதிருக்க, கேக்கு முதலியவற்றுக்கு 18 இருந்தது. 2024 செப்டம்பரிற் கோயம்புத்தூரில் உணவகத்தார் ஒருவர் மத்திய நிதியமைச்சரிடம், பன்னுக்கு வரியில்லை, நடுவிற் கிரீமை வைத்தால் 18 ஆகிவிடுகின்றது, வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியே கேட்கின்றனர் என்று முறையிட்டது நாடெங்கும் பேசப்பட்டது. 2025 செப்டம்பர் 22இல் அந்த 18, 5 ஆயிற்று. அன்றைக்கே பரோட்டாவுக்கும் விடுதலை கிடைத்தது. அதற்கு முன் 18 என்று வாதாடப்பட்ட பரோட்டா, பொட்டலத்தில் வாங்கினால் இப்போது வரியற்றது. பதிவு பெற்ற உணவகத்தில் தட்டில் விழுந்தால் மட்டும், சேவையாகிவிடுவதால், 5. நம் ஊர் நைட் கிளப்புகளில் (வெளியூர் நண்பர்கள் அஞ்சவேண்டா, இங்கு அப்பெயர் பரோட்டாக் கடைகளுக்குரியது) இதைக் கூறினால் கல்லில் நிற்பவர் கரண்டியை ஓங்குவார்.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டும் ஆச்சியின் கடைக்குப் போக நமக்கு மூன்று நாட்கள் ஆயின. நாலாம் நாள் மாலை, கூட்டம் இருக்கும் வேளை பார்த்தே சென்றோம். கெடுத்தது எங்கேயோ அங்கேயே செம்மை செய்வது முறையன்றோ? பதினொரு ரூபாயைப் பலகையின் மேல் வைத்து, வரி வாங்கியது கம்பெனி, ஆச்சி அல்லர், தவறு எம்முடையது என்று உண்டுகொண்டிருந்தோர் கேட்கச் சொன்னோம். அன்று பாதி இலையோடு எழுந்தவர் இல்லை. அவர் பின்னர் வந்தாரா என்பதைக் கேட்க நாணமாயிருந்தது.

ஆச்சி நாணயங்களைப் பார்த்தார். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுய்யா. நீ கேட்டது தப்பில்ல. நாலுபேரு சாப்பிடுத எடத்துல வச்சுக் கேட்டுட்டியே, அதான்" என்றார். பின்பு, "முன்னாடியே ரெண்டு பேரு போன்ல ஏசினாங்க. எதுக்குன்னு பேரனுக்கும் வெளங்கல. இப்பதான் தெரியுது" என்றார். வேறொன்றும் சொல்லாமல் இலை போட்டார்.

அடுத்த ஞாயிறு பேரனோடு உட்கார்ந்து ஓர் அட்டையில் விவரத்தை எழுதினோம். இங்கு உண்போருக்கும் வாங்கிச் செல்வோருக்கும் வரியில்லை. செயலியிற் காணும் வரி கம்பெனி வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுவது. அவ்வளவே எழுதியிருந்தோம். பேரன் அதன் அடியில் தன் கைப்பேசி எண்ணையும் சேர்த்துவிட்டு, "அண்ணே, நேரா எனக்குச் சொன்னா நானே சைக்கிள்ல கொண்டாந்து தாரேன். அதுக்கு வரி உண்டா?" என்று கேட்டான். பதிவில்லாத கடை தானே கொண்டுவந்து தந்தால் வரி இல்லை என்றோம். செயலியை விட்டுவிடலாமா என்று அவன் ஆச்சியைக் கேட்டான். மழைநாளிற் கடைக்கு ஆள் வருவதில்லை, தொலைவிலுள்ளோர் அதன் வழியாய்த்தான் வருகின்றனர், இருக்கட்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் மறுபடியும் பெருமழை பிடித்தது. பேரனுக்குச் சொன்னோம். கோணிச் சாக்கைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி வந்து சேர்ந்தான். கட்டித் தருவதற்கென்று தனியே ஒன்றும் கேட்கவில்லை. கூலியையும் வாங்க மறுத்துவிட்டான். பொட்டலத்தின் மேற் சுற்றிய செய்தித்தாளின் ஓரத்தில், ஆச்சியின் கையெழுத்தாக இருக்கவேண்டும், பென்சிலால் 150 என்று எழுதியிருந்தது.